பன்னிரண்டு மணிக்குள் முடிகிற பட்டை

பட்டை தீட்டிய கல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க என் அக்காவின் கணவர் நான் வேலை பார்த்த பத்திரிகையைத்தான் பயன்படுத்துவார். வரி விளம்பரப் பக்கத்தை மேசையில் விரித்து அதன்மேல் கல்லை வைப்பார். கல்லின் நடுவழியாகக் கீழே உள்ள எழுத்தைப் படிக்க முடிந்தால் கல் தேறவில்லை. வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வராமல் அடிப்பக்கமாக ஒழுகிவிடுகிறது என்று பொருள். எழுத்து மறைந்து மினுமினுப்பு மட்டும் தெரிந்தால் தேறியது. அந்த வீட்டில் எங்கள் பத்திரிகைக்கு வேறு உபயோகம் இருந்ததாக நினைவில்லை.

"உங்க பேப்பர படிக்க முடியாம போச்சுன்னா அன்னிக்கி நல்ல நாள் மச்சான்" என்பார்.

மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் இவர்களைச் 'சொல்தா' என்பார்கள். தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு சொல்தா இருந்த காலம் உண்டு. ஓய்வூதியமும் மூட்டுவலியும் ஒரே நாளில் வந்து சேரும் என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். பிரான்சில் அவர் முகாம் இருந்த ஊரில் ஒரு பொழுதுபோக்குச் சங்கம் இருந்திருக்கிறது. மற்றவர்கள் மரத்தடியில் இரும்புக் குண்டு உருட்டி விளையாடிய நேரத்தில் இவர் உள்ளே உட்கார்ந்து கல் வெட்டக் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பும்போது அக்கா இரண்டு கம்பளிப் போர்வை எடுத்துவர நினைத்த பெட்டியில் அவர் தன் இயந்திரத்தை வைத்துக் கொண்டுவந்தார்.

முத்தியால்பேட்டையில் மாடி வீடு. வெளிச்சமும் பிளக் பாயிண்டும் சேர்ந்து இருந்த ஒரே இடம் சாப்பாட்டு மேசை என்பதால் இயந்திரம் அங்கே உட்கார்ந்தது. பார்க்க எளிமையாக இருக்கும். படுத்த நிலையில் சுழலும் ஒரு தட்டு, பக்கத்தில் ஒரு கம்பம், கம்பத்திலிருந்து நீளும் ஒரு கை. கையின் முனையில் விரல் நீள உலோகக் குச்சி. குச்சியின் தலையில் அரக்கு வைத்துக் கல்லை ஒட்டியிருக்கும். கை எவ்வளவு சாய்கிறது என்பதற்கு ஒரு டிகிரி அளவு. கல்லைச் சுற்றித் திருப்புவதற்குத் தொண்ணூற்றாறு பல் உள்ள ஒரு சக்கரம். சாய்வை வைத்து, பல்லை வைத்து, நனைந்த தட்டில் கல்லை இறக்கினால் ஒரு முகம் விழும். அதுதான் பட்டை. பிறகு அடுத்த பல், அடுத்த பட்டை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் கழிந்த ஒரு ஏப்ரலில், பிரான்சில் இருந்த அவருடைய பழைய ராணுவ நண்பர் போன் செய்தார். நண்பரும் நம்மூர்க்காரர்தான். பிரான்சின் தெற்கே ஒரு கிடங்கில் காவலாளி வேலை காலியாகிறது, ஜூலையில் சேரலாம், வருகிறாயா என்று கேட்டார். மாமாவுக்கு அந்தச் சம்பளம் தேவையில்லை. பொழுது போகவில்லை, அவ்வளவுதான். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

அக்கா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே பேசினாள்.

"இவருக்கு இங்க பொழுது போவல. போவலன்னா கெளம்பிடுவாரு. அவரு போனா நானும் போவணும். தனியா விட்டா டப்பாவுல இருக்கறத சூடு பண்ணாமலே தின்னுட்டு கெடப்பாரு. அந்தக் குளுருல நான் கெடந்தது போதும். இனிமே என்னால ஆவாது தம்பி."

"இத அவருகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா, அப்ப நீ இங்கயே இருன்னு சொல்லிட்டு போயிடுவாரு. அதுக்காவா ஊருக்கு வந்தேன்?" கத்தியைக் கழுவி வைத்தாள். "கல்லு வெட்டக் கத்துக்க நாலு பேரு தெனம் வந்து நின்னா அவரு எங்கயும் போவ மாட்டாரு. எனக்கு அவரத் தெரியும். நீ பேப்பர்லதானே இருக்க, ஆளு புடி."

நான் பத்திரிகையில் சப்-எடிட்டர். ஆள் பிடிப்பது விளம்பரப் பிரிவின் வேலை என்று சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் விழவில்லை. அக்காவின் மாதா கோயில் பழக்கம், என் டீக்கடைப் பழக்கம் எல்லாம் சேர்ந்து ஆறேழு பேர் தேறினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு வந்து மேசையைச் சுற்றி நின்றார்கள்.

மாமா முதல் பாடத்திலேயே வைரத்துக்கு வெட்டுகிற வட்ட வெட்டை எடுத்தார். ஐம்பத்தேழு பட்டை. பாதி பிரெஞ்சு, கால் இங்கிலீஷ், மிச்சம் தமிழ் என்று உற்சாகமாக விளக்கினார். மூன்றாவது ஞாயிறு வரும்போது நெல்லித்தோப்பில் ஜாக்கெட் தைக்கும் அம்மாவும், பல் செட் செய்யும் இளைஞரும்தான் மிஞ்சினார்கள். தையற்கார அம்மாவின் கம்மலில் ஒரு கல் விழுந்திருந்தது. அந்தக் குழிக்குத் தானே ஒன்று வெட்டி வைப்பது என்று அவர் முடிவு செய்திருந்தார். பல் செட்காரருக்கு அப்படி லட்சியம் எதுவும் இல்லை. கையில் நடுக்கமில்லை, வாயில் ஓய்வில்லை, ஞாயிறு லீவு. மூன்றாவது ஆளாக அக்கா என்னை உட்கார்த்திவைத்தாள்.

நீளமான செய்தியை இடத்துக்குத் தக்கபடி வெட்டுவது என் பிழைப்பு. ஐம்பத்தேழைப் பார்த்ததுமே எனக்குக் கை துறுதுறுத்தது.

"மாமா, இதுல பாதி எடுத்துடலாம்."

"எதை எடுத்தாலும் கல்லு செத்துப் போவும் மச்சான்."

"எல்லா ரிப்போர்ட்டரும் இதையேதான் சொல்றாங்க."

ஒரு வாரம் முறைத்துவிட்டு அவர் ஒத்துக்கொண்டார். புதிதாகக் கற்பவர்களுக்கென்று ஒரு வெட்டை அவரே வடிவமைப்பது, நான் குறைப்பது, மற்ற இருவரும் வெட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு. ப்ரௌசிங் சென்டரில் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரர்கள் போட்ட மாதிரிகளைப் பார்த்தோம். எல்லாம் அழகு. எல்லாவற்றிலும் 'தொடக்க நிலை' என்று போட்டிருந்தது. போட்டவர்கள் யாரும் தொடக்க நிலையை ஞாபகம் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

ஆகவே எங்களுக்கான விதிகளை நாங்களே சொல்லிப் பார்த்தோம். எண்களைத் தேட வைக்கக் கூடாது: ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு பல் தள்ளினால் எட்டுத் திருப்பத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும், சக்கரத்தைப் பார்க்காமலே கை பழகும். தப்பு செய்தால் அங்கேயே தெரிய வேண்டும். மூன்று ஞாயிறு கழித்து மேல்பக்கம் வெட்டும்போது தெரிந்தால் ஆள் அடுத்த வாரம் வர மாட்டார். தெரிந்த தப்பை, முன்னால் வெட்டியதைக் கலைக்காமல் திருத்த முடிய வேண்டும்.

சாய்வைப் பற்றி மட்டும் மாமா விட்டுக்கொடுக்கவில்லை. நாங்கள் வெட்டியது காங்கேயம் பக்கத்திலிருந்து வந்த படிகக்கல். அடிப்பக்கப் பட்டைகள் நாற்பத்தொரு டிகிரிக்குக் கீழே போனால் பத்திரிகை எழுத்து தெரிய ஆரம்பித்துவிடும். கற்றுக்கொள்பவர் கை ஒரு டிகிரி அப்படி இப்படி ஆடும். அதனால் நாற்பத்து மூன்று. "ஆடறதுக்கு எடம் விட்டு வெக்கணும்" என்றார். அது நல்ல யோசனையாக எனக்குப் பட்டது. தலைப்பு எழுதும்போது நாங்களும் அதைத்தான் செய்வோம்.

ஒவ்வொரு மாதிரியையும் கல்லில் வெட்டுவதற்கு முன்னால் சலவை சோப்பில் பேனாக்கத்தியால் செதுக்கிப் பார்ப்பார். சன்னல் கட்டையில் நீல வைரங்கள் வரிசையாக நின்றன. "தொவைக்க ஒரு கட்டி சோப்பு இல்ல. எல்லாம் பட்டை தீட்டியாச்சு" என்று அக்கா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் புகார் இருந்தது, முகத்தில் இல்லை.

இத்தனை செய்தும் கல் வரவில்லை.

காலையில் எல்லாம் சரியாகத்தான் நடக்கும். பூசை முடிந்து வந்து, முறைவைத்து மூன்று பேரும் அடிப்பக்கத்தை வெட்டிவிடுவோம். எட்டுப் பட்டையும் கீழே ஒரு புள்ளியில் கூடி நிற்கும். கண்ணில் மாட்டிக்கொள்ளும் லூப் என்ற பூதக்கண்ணாடியில் பார்த்தால் குடைக்கம்பிகள் மாதிரி இருக்கும். பன்னிரண்டு அடிக்கும்போது மாமா இயந்திரத்தை நிறுத்துவார். முகாமில் பன்னிரண்டுக்குச் சாப்பிட்டவர் இங்கேயும் பன்னிரண்டுக்குத்தான் சாப்பிடுவார். ஊரும் அவருக்குத் தோதாக அமைந்திருந்தது, அந்த நேரத்தில் கடைகள் ஷட்டரை இறக்கிவிட்டு நாலு மணிக்குத்தான் கண் விழிக்கும். அக்கா மேசையை ஒழித்துச் சாப்பாடு வைப்பாள். சாப்பிட்டதும் மாமா படுத்துவிடுவார். நான் கூடத்தில் பாய் விரிப்பேன். மற்ற இருவரும் வீட்டுக்குப் போய்விட்டு நாலு மணிக்கு வருவார்கள்.

நாலு மணிக்கு மெருகு. அதே குச்சி, அதே சாய்வு, அதே பல். காலையில் வெட்டிய பட்டை மெருகுத் தட்டில் அப்படியே படிய வேண்டும். படியாது. ஒரு ஓரம் மட்டும் பளபளக்கும், மிச்சம் மங்கலாகவே இருக்கும். மூன்று பேர் கல்லிலும் அதே கதை, ஆளுக்கு ஒரு பக்கமாக.

குச்சியைக் கழற்றி மாட்டியதில் பிசகா என்று கேட்டேன். குச்சியின் அடியில் ஒரு வெட்டு இருக்கும். திரும்ப மாட்டினால் அதே இடத்தில்தான் உட்காரும். பிரெஞ்சு எஃகின் மேல் மாமாவுக்கு இருந்த நம்பிக்கையை அசைக்க முடியாது. வோல்டேஜ் குறைவா என்று ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தார். தையற்கார அம்மா அழுத்துகிறார் என்றார்.

"நான் அழுத்தறேனா? வருஷக்கணக்கா பட்டுத்துணி தெக்கறேன், ஒரு நூலு இழுத்ததில்ல. உங்க கல்லுதான் அடம் புடிக்குது."

"முசியே, இதே மாதிரி நான் பல்லு பண்ணியிருந்தா முத்தியால்பேட்டையில பாதிப்பேரு கஞ்சிதான் குடிக்கணும்" என்றார் பல் செட்காரர்.

கடைசியில் மாமா பழியை வடிவமைப்பின் மேல் போட்டார். பட்டை அதிகம், அதனால் குழப்பம், அதனால் பிசகு. இன்னும் குறைப்போம். அடுத்த ஞாயிறும் அதே. இன்னும் குறைப்போம். மே மாதம் முழுக்க இப்படி ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. மேல்பக்கத்தில் நட்சத்திரம் மாதிரி வரும் சிறு பட்டைகளை எடுத்த நாள் அவர் மோருக்குக் காத்திராமல் கை கழுவிவிட்டார். நான் மனதுக்குள் சந்தோஷப்பட்டேன். நல்ல பிரதி ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது, தப்பான காரணத்துக்காக.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு அக்கா ஒரு ஞானஸ்நான விருந்துக்கு வெளியூர் போயிருந்தாள். சமையல் இல்லை. பரோட்டா வாங்கிவந்து நின்றபடியே தின்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தோம். எல்லாம் படிந்தது. மெருகு ஏறியது. சாயங்காலம் தையற்கார அம்மாவின் கல்லை எதிர்ப்பக்கமாக வேறு குச்சியில் ஒட்டி, மேல்பக்கமும் வெட்டி, உச்சியில் சமதளமான டேபிளையும் முடித்தபோது மாமா பத்திரிகையை விரித்தார். மணமகள் தேவை பத்தியின் மேல் வைத்தார். ஒரு எழுத்து தெரியவில்லை.

"வொய்லா!" என்றார். "கொறச்சதுதான் சரி. மச்சான் சொன்னது சரி." எழுந்துபோய் எல்லோருக்கும் பழரசம் ஊற்றினார். தனக்கு மட்டும் வேறு பாட்டில்.

இரவு வீடு திரும்பிய அக்கா கல்லைப் பார்த்தாள். பிறகு மாமா முகத்தைப் பார்த்தாள். புடவையைக்கூட மாற்றாமல் எனக்குப் போன் செய்து, "அடுத்த வாரம் நண்டு வாங்கறேன். அவுங்க ரெண்டு பேரயும் சாப்பாட்டுக்கு இருக்கச் சொல்லு" என்றாள்.

அடுத்த ஞாயிறு நண்டுக் குழம்பு. அதே வெட்டு, அதே ஆட்கள். நாலு மணிக்கு உட்கார்ந்தோம். மூன்று கல்லும் கோணல்.

மாமா லூப்பைக் கழற்றி வைத்தார். இயந்திரத்தின் மேல் ரெக்சின் உறையை இழுத்து மூடினார். அது அவர் அதிகம் செய்யாத காரியம்.

"போதும். கல்லு மேல தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல. எனக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியல. நாளைக்கி பிரான்சுல இருக்கறவனுக்குப் போன் பண்ணி வரேன்னு சொல்லிடறேன்."

டீ டம்ளர்களோடு வந்த அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். யாரும் டீயை எடுக்கவில்லை.

தையற்கார அம்மாதான் வாய் திறந்தார். "போன வாரம் மட்டும் எப்படி வந்துது?"

"போன வாரம் அக்கா ஊர்ல இல்ல. பரோட்டா" என்றார் பல் செட்காரர். "அக்கா கொழம்பு வெச்சா கல்லு கோணிக்குது."

"தின்னும்போது ஒருத்தரு மொகமும் கோணலயே?" என்றாள் அக்கா. "நண்டுக் காலக்கூட கடிச்சி உறிஞ்சினியே!"

சிரித்தோம். மாமா சிரிக்கவில்லை. ஆனால் பல் செட்காரர் சொன்னது என் தலைக்குள் நின்றது. போன ஞாயிறு இல்லாததும் இன்று இருந்ததும் என்னென்ன? சாப்பாடு, தூக்கம், மேசையை ஒழித்தது.

"அக்கா, மேசைமேல இருந்த குச்சியெல்லாம் எடுத்து எங்க வெச்ச?"

"எங்க வெப்பாங்க? டம்ளர்ல போட்டு சன்னல்ல வெச்சேன்."

"எந்த சன்னல்?"

"மேக்கால சன்னல்தான். எல்லாம் ஈரமா கெடந்துது, காயட்டும்னு வெச்சேன். ஈரத்தோட விட்டா இரும்பு துரு புடிக்காதா? இவரு எழுந்திரிக்கறதுக்குள்ள எடுத்து மறுபடி மேசையில வெச்சிடுவேன். வாரா வாரம் அப்படித்தான் வெக்கறேன்."

மாமா மெதுவாக எழுந்து சன்னலுக்குப் போனார். வெயில் தாழ்ந்துவிட்டிருந்தது. கட்டையைத் தொட்டவர் சுட்டதும் கையை எடுத்துக்கொண்டார். எவர்சில்வர் டம்ளர் ஒன்று அங்கேயே இருந்தது. அதில் நான் முன்பே கெடுத்துவிட்ட கல் ஒன்று, குச்சியோடு மறந்துபோய்க் கிடந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கல் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தது, பஸ்ஸில் தூங்குகிறவரைப் போல. அரக்கில் நகத்தை வைத்து அழுத்தினார். நகம் இறங்கியது.

கொண்டுவந்த பிரெஞ்சு மெழுகு தீர்ந்துபோய், பெரிய மார்க்கெட் பக்கத்தில் நகைப் பட்டறைச் சாமான் விற்கும் கடையில் அரக்கு வாங்கியிருந்தார். நல்ல அரக்குதான். காலையில் கல் மாதிரி நிற்கும். மூன்று மணி நேரம் மேற்கு வெயிலில் உலோகக் குச்சியோடு சேர்ந்து காய்ந்தால் ஒரு மயிரிழை இளகும். அந்த மயிரிழை போதும். பட்டைக்கணக்கு முழுக்கப் பிசகிவிடும். அவர் கற்றுக்கொண்ட ஊரில் இந்தப் பிரச்சினை வந்திருக்க நியாயமில்லை. அங்கே ஈரத்தை யாரும் வெயிலில் வைக்க மாட்டார்கள். வெயிலே இல்லை.

"வெயில்ல வெக்கக் கூடாதுன்னு ஒருத்தராவது சொன்னீங்களா?" என்றாள் அக்கா. குரல் ஏறியது. "சட்டினி அரைச்ச அம்மில இருந்து சாமியாரு குடுத்த செபமாலை வரைக்கும் ஈரமானா வெயில்லதான் வெக்கறேன். கல்லுக்கு மட்டும் என்னா வந்துது?"

"கல்லுக்கு ஒண்ணும் இல்ல. அரக்குதான்..."

"சொன்னீங்களா?"

"நீ எடுத்து வெக்கறன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் தூங்கிட்டு இருந்தேன்."

"அதான் சொல்றேன்" என்றாள். அவர் இங்கேயே இருக்க வேண்டும் என்று யாரைவிடவும் விரும்பியவள் அவள். இரண்டு மாதமாகக் கல்லைக் கோணலாக்கியதும் அவள்தான். அது அவளுக்கு உறைத்ததை நான் பார்த்தேன். ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் மாமா போன் செய்யவில்லை. ஆனால் வேலை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பழி நீங்கிய வடிவமைப்புக்குக் கழன்று விழுந்த பட்டைகளையெல்லாம் திரும்ப ஒட்டவைப்பது என்று பேனாக்கத்தியும் சோப்புமாக உட்கார்ந்துவிட்டார். "இப்ப காரணம் தெரிஞ்சிபோச்சு இல்ல? நட்சத்திரத்த திரும்பப் போட்டுடலாம்." நான் முடியாது என்றேன். தையற்கார அம்மா என் பக்கம் சேர்ந்தார். "கொறச்சது கொறச்சதாவே இருக்கட்டுங்க. புதுசா வர்றவங்களுக்கு மொத நாளே சரிகை வேலை குடுக்க மாட்டோம், ஓரம் அடிக்கத்தான் குடுப்போம்."

அதோடு இன்னொரு விதியும் சேர்ந்தது. பன்னிரண்டுக்கு மேசை வேண்டும் என்பதில் கணவன் மனைவி இருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆக, அடிப்பக்கம் வெட்டும் மெருகும் பன்னிரண்டுக்குள் முடிய வேண்டும். முடித்து, கல்லை எதிர்ப்பக்கமாக வேறு குச்சிக்கு மாற்றி, நிழலில் வைத்துவிட வேண்டும். புது அரக்கு ஆற எப்படியும் நேரம் பிடிக்கும். சாப்பாடும் தூக்கமும் அதற்குச் சரியாக இருக்கும். இனி ஒரு நாளைக்கு ஒரு ஆள்தான். இந்தக் கணக்கில் நட்சத்திரத்துக்கு இடமில்லை என்பதை மாமாவே கூட்டிப் பார்த்து ஒத்துக்கொண்டார்.

மிஞ்சியது இதுதான்: அடியில் எட்டு, நாற்பத்து மூன்று டிகிரியில். இடுப்பைச் சுற்றி எட்டு, நேர் செங்குத்தாக. மேலே எட்டு, முப்பத்தைந்தில். உச்சியில் ஒரு டேபிள். மொத்தம் இருபத்தைந்து. எல்லாச் சுற்றுக்கும் ஒரே எட்டுப் பற்கள். மாமா அதைச் 'சோப்புக்கட்டி' என்றுதான் கடைசிவரை சொன்னார்.

ஜூலை பிறந்து முதல் சனிக்கிழமை நண்பர் மறுபடி கூப்பிட்டார். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார். நாங்கள் மூவரும் அங்கே இருந்தோம்.

"நாளைக்கி ஒரு தடவ பாத்துடுவோம்" என்றார் மாமா. "உங்க மூணு பேரையும் வெச்சி இல்ல. உங்களுக்குக் கைப்பழக்கம் வந்துடுச்சு. மெஷினத் தொடாத ஆளு ஒண்ணு ஒக்காந்து ஒரே நாள்ல முடிச்சா, இத வெச்சி நான் பள்ளிக்கூடமே நடத்தலாம். முடியலன்னா..."

நாங்கள் எல்லோரும் அக்காவைப் பார்த்தோம்.

"என்னை என்னாத்துக்குப் பாக்குறீங்க?"

ஞாயிறு விடியற்காலைப் பூசைக்குப் போய்வந்து, சமையலை ஏழரைக்குள் முடித்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அக்கா இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். மாமா வாய் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஒரு பக்கத்துக்கு அடங்கும்படி நான் எழுதியிருந்த குறிப்பு மட்டும்தான் உதவி. அதை அவள் கோயிலில் வாசகம் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

"கையை நாற்பத்து மூன்றில் வைக்கவும். பல் தொண்ணூற்றாறில் தொடங்கவும்."

"ஆமென்" என்றார் பல் செட்காரர்.

"நீ வெளிய போ."

அவள் கண்ணால் வெட்டியதைவிடக் காதால் வெட்டியது அதிகம். கல் தட்டைத் தொட்டதும் வருகிற கரகர சத்தம், பட்டை முழுசாகப் படிந்ததும் மாறும். அது மாறின கணத்தில் கையைத் தூக்கிவிடுவாள். இத்தனை நாள் சமையலறையில் இருந்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆறாவது பட்டையில் தெருவில் ஏதோ ஹாரன் அடிக்க, கை ஒரு நொடி தாமதித்தது. எடுத்துப் பார்த்தாள். கீழே கூட வேண்டிய புள்ளி ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. மாமா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பேசினால் ஆட்டம் முடிந்தது.

அக்கா குறிப்பை எடுத்து விரல் வைத்துத் தேடினாள். "புள்ளி நகர்ந்தால் மற்ற ஏழு பட்டையையும் அதே அளவு இறக்கவும்." உதட்டைப் பிதுக்கினாள். "அவ்வளவுதானா?" ஒரு சுற்று வந்தாள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம். புள்ளி நடுவுக்கு வந்து சேர்ந்தது. மாமாவின் விரல்கள் கைப்பிடியை விட்டன.

கடைசிப் பட்டைக்கு மெருகு ஏறும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. மாமா கடிகாரம் இருந்த பக்கம் திரும்பவில்லை. மாற்றுக் குச்சியில் கல்லை ஒட்டி, அக்கா தன் கையாலேயே கொண்டுபோய் நிழலான அலமாரியில் வைத்தாள். வைத்துவிட்டு எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தாள். அதற்குப் பிறகுதான் சாப்பாடு. அன்று யாரும் தூங்கவில்லை.

மேல்பக்கம் வேகமாகப் போனது. டேபிளுக்கு மெருகு போட்டு முடித்தபோது அஞ்சு மணி. அரக்கைச் சூடு காட்டிக் கல்லை எடுத்து, சுத்தம் செய்து, மாமாவின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் லூப்பை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். சன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"பா மால்" என்றார்.

"சுமார்னா சுமார்னு சொல்லுங்க, நல்லாருக்குன்னா நல்லாருக்குன்னு சொல்லுங்க. பிரெஞ்சுல ஒளிஞ்சிக்காதீங்க."

"நல்லாருக்குது."

பல் செட்காரர் தன் கூட வேலை பார்ப்பவர் ஒருவரை அடுத்த வாரம் அழைத்துவரட்டுமா என்று கேட்டார். தையற்கார அம்மா தனக்குத் தெரிந்த இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றார். சனிக்கிழமையும் வகுப்பு வைத்தால்தான் சரிப்படும் என்றார் மாமா, யாரிடமும் என்றில்லாமல்.

பிறகு காலிங் கார்டைச் சுரண்டி எண்ணைப் பார்த்து, கூடத்தில் இருந்த போனை எடுத்தார். அங்கே மதிய நேரம். அக்கா மேசையைத் துடைப்பதுபோல நின்றாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"அலோ... நான்தான்டா. சாப்ட்டியா? ... ம். ... அந்த வேலை விஷயமா... இல்லடா, வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு. ... இங்க கொஞ்சம் வேலை இருக்குது. ... ஆமா, வேலைதான், சிரிக்காத." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "அது இருக்கட்டும், எனக்கு நீ ஒண்ணு பண்ணணும். வெட்டற தட்டு ஒண்ணு வாங்கி, யாராச்சும் ஊருக்கு வந்தா குடுத்தனுப்பு. இருக்கறது தேஞ்சி போச்சு."

அக்கா துணியைக் கீழே வைத்தாள். "ஒரு தட்டு எத்தினி வருஷம் வரும்?"

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "நல்லா பாத்துக்கிட்டா அஞ்சாறு வருஷம் வரும். ஏன்?"

"ரெண்டா அனுப்பச் சொல்லுங்க."